கம்பெனி லாரியை விட்டுச் சொந்த லாரி வாங்கலாமா? திருமங்கலத்துத் தம்பிக்கு ஒரு பதில்

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கப்பலூரில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடமாகப் பத்துச் சக்கர லாரி ஓட்டுகிறார். சம்பளமும் படியும் சேர்த்து மாதம் 26,000 ரூபாய் வீட்டுக்கு வருகிறது. தெரிந்தவர் ஒருவர் 2018 மாடல் பத்துச் சக்கர வண்டியை 17 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். கையில் 5 லட்சம் இருக்கிறது. மீதி 12 லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு நான்கு வருடத் தவணையில் தர ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி தயாராக இருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா என்பது கேள்வி. அதன் கீழே, "எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவர் வண்டியை ஓட்டுவது?" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அவர் உண்மையில் கேட்பது அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வண்டி ஓடுமா, வருமானம் வருமா என்பதெல்லாம் அவருக்கே ஓரளவு தெரியும். ஒன்றாம் தேதி தவறாமல் வரும் பணத்தை விட்டுவிட்டு, வரும் தேதி தெரியாத பணத்தை நம்பித் தன் குடும்பம் நிற்குமா என்பதுதான் அவருடைய கவலை. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நானும் பதினோரு வருடம் கம்பெனி வண்டி ஓட்டியவன். 2009இல் ஆறு சக்கரப் பழைய லாரி ஒன்றை வாங்கி வெளியே வந்தேன். நடுவில் ஒரு வண்டியை இழந்தேன். இப்போது மேலூர்ப் பக்கம் வீடு, இரண்டு லாரி. இரண்டுமே கடன் தீர்ந்தவை. சொந்த வண்டி வேண்டும் என்ற ஆசை தவறு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வண்டியை இந்த விலைக்கு இந்த மாதம் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். சற்று நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வட்டி. தம்பி, அந்த 9 சதவீதம் எந்தக் கணக்கு என்று கேட்டீர்களா? பழைய வண்டிக்கு இங்கே பெரும்பாலும் பேசுவது நிலை வட்டி. முதல் நாள் வாங்கிய 12 லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துவந்தாலும்கூட. 12 லட்சத்துக்கு 9 சதவீதம், நான்கு வருடம் என்றால் வட்டி மட்டும் 4,32,000. மாதத் தவணை 34,000. குறைந்துவரும் அசலுக்கு மட்டும் வட்டி என்ற முறையில் பார்த்தால் இது ஏறக்குறைய 16 சதவீதம். ஒரு வங்கி அந்தக் குறையும் வட்டி முறையில் 12 சதவீதம் என்று சொன்னால் நம் ஆட்கள் "9தானே குறைவு" என்று ஃபைனான்சுக்குப் போய்விடுகிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் "குறையும் வட்டியில் எவ்வளவு?" என்று எழுத்தில் கேளுங்கள். முன்கூட்டியே அடைத்தால் என்ன கட்டணம், தவணை தவறினால் என்ன அபராத வட்டி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 2020இல் கொரோனா நேரத்தில் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது. தள்ளிப்போட்ட மாதங்களுக்கும் வட்டி ஏறியது என்பது எங்களில் பலருக்குப் பிறகுதான் தெரிந்தது. காகிதத்தைப் படிக்காததற்கு நாங்கள் கொடுத்த விலை அது.

அடுத்து, பெரும்பாலோர் தவறவிடும் ஓர் இடம். சொந்த வண்டி ஓட்டும்போது நீங்கள் இரண்டு ஆள்: ஒருவர் ஓட்டுநர், இன்னொருவர் முதலாளி. ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுத்த பிறகு முதலாளிக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். "டீசல், தவணை போக மாதம் 30,000 நிற்கிறது" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் 26,000 அவர்களுடைய ஓட்டுநர் கூலி. 5 லட்சம் முதலைப் போட்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, முதலாளியாகச் சம்பாதித்தது 4,000தான். டயரும் எஞ்சினும் தேய்ந்ததை அந்தக் கணக்கில் எழுதியே இருக்க மாட்டார்கள்.

உங்கள் வண்டிக்கே போட்டுப் பார்ப்போம். வண்டி நின்றாலும் ஓடினாலும் மாதம் ஆகும் செலவு: தவணை 34,000. காப்பீடு. வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 20 டன்னுக்கு மேல் 40 டன் வரை உள்ள சரக்கு வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 2022இல் நிர்ணயித்தபடி ஆண்டுக்கு 43,950. சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டையும் வரியையும் சேர்த்து மாதத்துக்கு 6,000 என்று எழுதுங்கள். தேசிய பெர்மிட்டுக்கு ஆண்டுக்கு 16,500, அங்கீகாரக் கட்டணம் 1,000. சாலை வரி, எஃப்.சி. எனும் தகுதிச் சான்று ஆகியவற்றையும் சேர்த்து மாதத்துக்கு 4,500 வையுங்கள். ரிப்பேருக்கென்று தொடாமல் எடுத்து வைக்க 10,000. உங்கள் சம்பளம் 26,000. மொத்தம் 80,500. இது ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலே ஆகும் செலவு.

ஓடினால் ஆகும் செலவு கிலோமீட்டருக்கு இப்படி வரும். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர், டீசல் 92, 93 ரூபாய் என்றால் 23 ரூபாய். பத்து டயரும் மாற்ற இரண்டேகால் லட்சம் ஆகும், 80,000 கிலோமீட்டர் உழைக்கும் என்று வைத்தால் 2 ரூபாய் 80 காசு. சுங்கம் சுமார் 5 ரூபாய். ஆயில், கிரீஸ், பஞ்சர் ஒரு ரூபாய். ஏறக்குறைய 32 ரூபாய். மதுரையிலிருந்து சென்னை போய்வர, ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து 950 கிலோமீட்டர் என்றால் ஒரு நடைக்கு 30,400. மாதம் ஏழு நடை போனால், ஒவ்வொரு நடையும் அந்த 80,500 நிலைச் செலவில் 11,500ஐச் சுமக்க வேண்டும். ஆக, போக வர இரண்டு வாடகையும் சேர்ந்து, புரோக்கர் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி போக, 41,900 கைக்கு வந்தால்தான் நீங்கள் இப்போது வாங்கும் அதே 26,000ஐ வாங்குவீர்கள். முதலாளிக்கு இன்னும் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

இதே வாடகையில் ஐந்து நடைதான் கிடைத்தது என்றால்? வரவு 2,09,500. செலவு 2,32,500. துண்டு விழுவது 23,000. உங்கள் சம்பளம் ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது. நான்கு நடை என்றால் சம்பளமும் போய், தவணைக்கே 8,500 வெளியே தேட வேண்டும். ஏழு நடை என்பது நான்கு நாளுக்கு ஒரு நடை. ஏற்ற ஒரு நாள், இறக்க ஒரு நாள் காத்திருந்தால் அந்தக் கணக்கு அங்கேயே உடைகிறது. என் எண்களில் சில உங்கள் வண்டிக்கு மாறும். மைலேஜ் அரை கிலோமீட்டர் கூடலாம், குறையலாம். எனவே என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இந்த வரிசையில் உங்கள் எண்களை எழுதுங்கள். நீங்கள் கம்பெனி வண்டியில் ஒன்பது வருடம் போட்ட டீசல் எவ்வளவு என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

இப்போது லோடு. இந்தத் தொழிலில் முடிவு செய்ய வேண்டிய முதல் விஷயம் வண்டி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது மூன்றாவது விஷயம். யாருடைய சரக்கு என்பது முதல். அவர் எத்தனை நாளில் பணம் தருகிறார் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் எந்த வண்டி வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். சிமெண்டா, காய்கறியா, உப்பா, துறைமுகத்துக் கன்டெய்னரா என்பதைப் பொறுத்து வண்டியின் அளவும் உடலும் மாறும். வண்டியை வாங்கிவிட்டுச் சரக்கைத் தேடுகிறவர், லாரிக்கு லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் போய் உட்கார்கிறார். அந்தப் பெஞ்சில் நான் இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் மதுரைக்கு ஒரு குணம் உண்டு. இது சரக்கை வாங்கும் ஊர். மாட்டுத்தாவணிக்கும் கீழமாசி வீதிக்கும் நாள்தோறும் சரக்கு வந்து இறங்குகிறது. வெளியே போகும் சரக்கு அந்த அளவுக்குக் கிடையாது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ மதுரைக்கு லோடு பிடிப்பது எனக்கு எப்போதும் எளிதாக இருந்தது. இங்கிருந்து கிளம்புவதுதான் பாடு. அதனால் வெளியே போகும் சரக்குக்கு நாம் மதுரையைச் சுற்றித்தான் பார்க்க வேண்டும். சாத்தூரும் கோவில்பட்டியும் தீப்பெட்டி தருகின்றன. சிவகாசியில் நோட்டுப் புத்தகம், காலண்டர், பட்டாசு இருக்கின்றன. பட்டாசு தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் நல்ல வாடகை தரும். ஆனால் அது வெடிபொருள். ஓட்டுநரின் உரிமத்தில் அபாயகரமான சரக்குக்கான ஒப்புதல் வேண்டும், வண்டியும் அதற்கேற்ற விதிகளின்படி இருக்க வேண்டும். பண்டிகை வாடகையைப் பார்த்து ஆயத்தமில்லாமல் இறங்கக் கூடாது. விருதுநகரில் பருப்பும் எண்ணெயும். அதன் பக்கத்தில் ஆர்.ஆர். நகர் சிமெண்ட். ராஜபாளையத்தில் நூல், சத்திரப்பட்டியில் மருத்துவப் பருத்தித் துணி. ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளத்துக்குக் காய்கறி, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வாழையும் திராட்சையும். தூத்துக்குடியில் உப்பும் துறைமுகச் சரக்கும். மேலூர், கீழவளவு கிரானைட்டை நம்பி வண்டி வாங்கியவர்கள் என் ஊரிலேயே பலர். 2012இல் குவாரிகள் நிறுத்தப்பட்டபோது தவணை கட்ட முடியாமல் வண்டிகள் ஒவ்வொன்றாகப் போனதை என் கண்ணால் பார்த்தேன். ஒரே சரக்கை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த வருடம் எனக்குக் காட்டியது.

காய்கறி லோடு பற்றித் தனியாக ஒரு வார்த்தை. வாடகை ரொக்கமாக வரும், காத்திருக்க வைக்க மாட்டார்கள், அது நல்லது. ஆனால் விடியற்காலைச் சந்தைக்கு வண்டி போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். ஓட்டுநர் கண்ணை மூட முடியாத வேலை அது. நாற்பது வயதுக்கு மேல் தனி ஆளாக அதைத் தொடர்ந்து செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கம்பெனியில் இருந்தவரை மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று சொன்னது. நடைமுறையில் எப்படியோ, கேட்பதற்கு ஒரு சட்டமாவது இருந்தது. சொந்த வண்டியில் "போதும், ஓரமாக நிறுத்து" என்று சொல்ல யாரும் இல்லை. தவணைத் தேதிதான் ஓட்டச் சொல்லும்.

பணம் வரும் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை இந்தத் தொழிலில் அழவைத்தது சாலை அல்ல, பாக்கிதான். ஏற்றும்போது டீசலுக்கும் சுங்கத்துக்கும் அட்வான்ஸ் தருவார்கள். மீதி வாடகை, இறக்கியதற்குக் கையெழுத்தான எல்.ஆர். எனும் சரக்கு ரசீது போய்ச் சேர்ந்த பிறகு. "போய்ச் சேர்ந்த பிறகு" என்பது பதினைந்து நாளாகவும் இருக்கும், தொண்ணூறு நாளாகவும் இருக்கும். 2016இல் ஒரு புக்கிங் ஆபீஸ் எனக்கு 1,40,000 ரூபாய் பாக்கி வைத்திருந்தது. இன்று நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தபோது நவம்பர் 8 வந்தது. அன்றிரவு நான் கிருஷ்ணகிரி தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டிருந்தேன். 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் டிசம்பர் 2 வரை கட்டணம் வாங்கவில்லை. சாலை திறந்துதான் கிடந்தது, ஏற்றுவதற்குச் சரக்கு இல்லை. 22 நாள் வண்டி வீட்டு வாசலில் நின்றது. பாக்கிக்காரர் பழைய நோட்டாகத் தருகிறேன், வாங்கிக்கொள் என்றார். இரண்டு தவணை தவறியது. அந்த வருடம்தான் அந்த வண்டியை விற்றேன். என் மனைவியின் ஐந்து பவுன் சங்கிலி அதற்கு முன்பே அடகுக் கடைக்குப் போயிருந்தது. அதை மீட்க மூன்று வருடம் ஆயிற்று.

அதனால் தம்பி, அந்த 5 லட்சத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டால் உங்களிடம் தொழில் நடத்தப் பணமே இல்லை. மூன்று மாத நிலைச் செலவு, அதாவது இரண்டரை லட்சம், வண்டிக்கு வெளியே, வங்கியில் இருக்க வேண்டும். வாடகை ஒரு மாதம் தள்ளிப்போனாலும் டீசல் கடன் இல்லாமல் போட முடிய வேண்டும். அந்தப் பணம் இல்லாதவரைத்தான் மீட்டர் வட்டிக்காரர் கண்டுபிடிக்கிறார். அதிக வட்டி வசூலைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் இரவு பதினோரு மணிக்கு எட்டயபுரம் சாலையில் ஸ்பிரிங் பட்டை உடைந்து நிற்பவருக்குச் சட்டம் கைகொடுக்காது, கையில் இருக்கும் காசுதான் கைகொடுக்கும்.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், இலவசம். சிறு தொழில் நிறுவனத்திடம் சேவை பெற்றவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம். நான் அதை ஒரே ஒரு முறை பயன்படுத்தினேன். பணம் வந்தது, அந்த ஆபீசில் லோடு நின்றது. எந்த ஆபீசின் லோடு போனாலும் பரவாயில்லை என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு அந்தக் கதவைத் தட்டுங்கள்.

இனி அந்த வண்டி. நான் அதைப் பார்க்கவில்லை. எஞ்சினை எழுத்தில் சோதிக்க முடியாது. ஆனால் 2018 மாடல் என்று படித்ததுமே எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அந்த வருடம் ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. அதற்கு முன் வந்த பத்துச் சக்கர லாரிகளின் மொத்த எடை 25 டன், பிறகு வந்தவை 28 டன். உங்களுக்குக் காட்டும் வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது? ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடையைப் பாருங்கள். ஒரு நடைக்கு மூன்று டன் வாடகை என்பது நான்கு வருடத்தில் எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். 25 டன் வண்டிக்கும் 28 டன் வண்டிக்கும் ஒரே விலை என்றால் அது நியாயம் இல்லை.

இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் புதிய லாரிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது. டயருக்கும் அப்படியே. புதிய வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்க வேண்டும். விற்பவர் பழைய விலையையே மனதில் வைத்துப் பேசுகிறாரா என்று பாருங்கள். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. ஒவ்வோர் ஆண்டும் காட்ட வேண்டும், அதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அந்தச் செலவும் அந்த நாட்களும் இனி உங்களுடையவை. பத்துச் சக்கர வண்டி பல அச்சு வண்டி என்பதால் தேசிய பெர்மிட் பதினைந்து வயது வரை கிடைக்கும், இது அந்த வண்டிக்குச் சாதகமான விஷயம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிப்படி வந்த வண்டிகளுக்கு யூரியா திரவம் ஊற்ற வேண்டும், சென்சார் கோளாறு வந்தால் சாலையோர மெக்கானிக்கால் சரிசெய்ய முடியாது. உங்கள் வண்டி பி.எஸ். 4, நீங்களே பாதி வேலை பார்த்துக்கொள்ளலாம். எனக்கும் அப்படிப்பட்ட வண்டிதான் பிடிக்கும்.

வண்டியைக் காலியாக ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள். முழு லோடுடன் ஒரு நடை நீங்களே ஓட்ட அனுமதி கேளுங்கள். கொடைரோடு தாண்டித் திண்டுக்கல் வரை போனாலே போதும். ஏற்றத்தில் புகை, கியர் விழும் விதம், இறங்கும்போது பின் அச்சுக் கிரவுன் பல்சக்கரச் சத்தம், ஆயில் குடிப்பது, ரேடியேட்டர் சூடு எல்லாம் சொல்லிவிடும். சேஸிஸில் வெல்டிங் இருக்கிறதா என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், புதிய பெயிண்ட் அடித்திருந்தால் இரண்டு முறை பாருங்கள். காகிதத்தில், கடன் தீர்ந்ததற்கான ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் படிவம் 35ம் இருக்கிறதா, சாலை வரி பாக்கி உண்டா, போலீஸ் அபராதச் சலான்கள் நிலுவையில் உள்ளனவா என்று பாருங்கள். படிவம் 29, 30 கொடுத்து ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுவதும், பதினான்கு நாளுக்குள் காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். "பேரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஓட்டியவர்கள் விபத்து நடந்த பிறகு சொந்தச் சேதத்துக்கு ஒன்றும் வாங்க முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். உரிமையாளரே ஓட்டினால் 15 லட்ச ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம். அது வீட்டிலிருப்பவர்களுக்கான பணம், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வரி உங்களை மிரட்ட வேண்டாம். சொந்தமாக எல்.ஆர். போடாமல், ஒரு டிரான்ஸ்போர்ட் நிறுவனத்துக்கு வண்டியை வாடகைக்கு விடும் தனி உரிமையாளருக்கு அந்த வாடகையில் ஜி.எஸ்.டி. இல்லை. பத்து வண்டி அல்லது அதற்குக் குறைவாக வைத்திருப்பவர் பான் எண்ணுடன் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் வாடகையில் டி.டி.எஸ். எனும் வரிப் பிடித்தம் செய்யக் கூடாது. எழுதிக் கொடுக்காததால் பிடித்தம் போனவர்கள் நிறைய. வருமான வரிக்கு, 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டியில் மொத்த எடையின் ஒவ்வொரு டன்னுக்கும் மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டிவிட்டால் முழுக் கணக்குப் புத்தகம் தேவையில்லை. ஆடிட்டர்கள் 44ஏஇ என்று சொல்லும் விதி இது. 28 டன் வண்டிக்கு ஆண்டுக்கு 3,36,000. ஆனால் வரிக்குப் புத்தகம் வேண்டாம் என்பதால் வீட்டிலும் புத்தகம் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். என் வீட்டில் 2017இலிருந்து மனைவிதான் கணக்கு எழுதுகிறார். ஒவ்வொரு நடைக்கும் ஒரு பக்கம். எந்தப் பாதையில் நான் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தேன் என்பதை அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

அதிக பாரம் ஏற்றினால் கணக்கு சரியாகிவிடும் என்று உங்களிடம் சிலர் சொல்வார்கள். மேலே போட்ட 41,900 வரவில்லை என்றால் ஐந்து டன் கூடுதலாக ஏற்று என்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஐந்து டன்னுக்கு 30,000, கூடுதலை அங்கேயே இறக்கச் சொல்வார்கள். அபராதத்தைவிடப் பெரிது டயரும் பட்டையும் பிரேக்கும். உயிரைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. கம்பெனியில் இருந்தபோது எடைமேடைச் சீட்டைப் பார்த்து "இதை எடுக்க மாட்டேன்" என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு இருந்திருக்கும். தவணை பாக்கி இருக்கும்போதும் அதே தைரியம் இருக்குமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு முறை இல்லாமல் போனது. அந்த இரண்டு நடைகளையும் இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

வாடகை அடுத்த வருடம் ஏறுமா, டீசல் இறங்குமா என்பதை யாரிடமும் கேட்காதீர்கள், யார் சொன்னாலும் அதை வைத்து வாங்காதீர்கள். உறுதியாகத் தெரிந்தவை செலவுகள் மட்டும்தான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஒன்பது வருடம் வேலை என்கிறீர்கள். பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் 58 வயதில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து வருடச் சேவை வேண்டும். இன்னும் ஒரு வருடத்தில் அது உங்களுக்கு உறுதியாகிவிடும். இன்று வேலையை விட்டால்கூட ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிடாமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளலாம், பிறகு எங்காவது வேலைக்குச் சேர்ந்தால் அது தொடரும். பணிக்கொடை ஐந்து வருடம் தாண்டியதால் உங்களுக்கு உரிமை. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குங்கள். அந்தத் தொகையைக் கேட்டு வாங்குங்கள், அது யாருடைய தயவும் இல்லை. தொழிலாளர் மருத்துவத் திட்டமான இ.எஸ்.ஐ. இருந்தால் வேலையை விட்டபின் அதுவும் நின்றுவிடும், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்த பிறகு ராஜினாமா எழுதுங்கள்.

அந்த ஒரு வருடத்தை இப்படிப் பயன்படுத்தச் சொல்கிறேன். உங்கள் கம்பெனி வெளி வண்டிகளை ஒப்பந்தத்தில் ஓட்டுகிறதா என்று விசாரியுங்கள். உங்களைத் தெரிந்த, உங்கள் ஓட்டத்தை நம்பும் இடம் அது. அவர்களே "வண்டி வாங்கு, மாதம் இத்தனை நடை தருகிறோம்" என்று எழுத்தில் கொடுத்தால் நான் மேலே எழுதிய பயங்களில் பாதி போய்விடும். நான் வெளியே வந்தபோது கேட்காமல் விட்ட கேள்வி அது. விடுமுறை நாளில் விருதுநகரிலும் தூத்துக்குடியிலும் நான்கு புக்கிங் ஆபீஸ்களில் போய் உட்காருங்கள். லோடு கேட்க வேண்டாம். அங்கே காத்திருக்கும் வண்டிக்காரர்களிடம், கடைசிப் பாக்கி எத்தனை நாளில் வந்தது என்று மட்டும் கேளுங்கள். மாதம் 34,000 இல்லாவிட்டாலும் 12,000, 15,000 ரூபாயை இப்போதே தனிக் கணக்கில் போடுங்கள். வீடு அதைத் தாங்குகிறதா என்பதும் தெரியும், ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஒன்றரை லட்சமோ அதற்கு மேலோ சேர்ந்தும் இருக்கும். விற்பவர் காத்திருக்க மாட்டேன் என்றால் அவர் விற்கட்டும். 2018 மாடல் லாரிகள் அடுத்த வருடமும் விற்பனைக்கு வரும், இதைவிடக் குறைந்த விலைக்கு.